தேசியக் கருத்தரங்கும் ஏழரையும்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் தக்காளி விலை எங்கே முடிவாகிறது என்று கேட்டால், மண்டிக்காரர் கல்லாப்பெட்டி மேலிருக்கும் நோட்டைக் காட்டுவார். நம்பாதீர்கள். அது முடிவாவது டீக்கடையில். ராத்திரி லாரி வந்து நிற்கும். மூட்டை இறங்குகிற சத்தத்துக்கு நடுவே நாலு பேர் கண்ணாடி டம்ளரோடு நின்றபடி, ஒட்டன்சத்திரத்தில் வரத்து எப்படி, மணப்பாறைப் பக்கம் மழையா, நேற்று மிஞ்சிய சரக்கு எவ்வளவு என்று பேசுவார்கள். டம்ளர் காலியாகும்போது விலையும் முடிந்திருக்கும். முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குகிற சில்லறை வியாபாரப் பெண்ணுக்கு அந்தச் சேதி மூன்றாம் கை, நான்காம் கை மாறித்தான் வந்து சேரும். ராத்திரி இரண்டு மணிக்கு அதே டீக்கடையில் நிற்க அவளுக்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. நின்றால் மறுநாள் தெருவே பேசும், அவ்வளவுதான். 1868-இல் தொடங்கிய சந்தை. காந்தி பேர் வந்தது, வெள்ளைக்காரன் போனான், தராசு போய் எலெக்ட்ரானிக் எடை வந்தது. டீக்கடை ஏற்பாட்டில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

பெண்ணியச் சமூகவியலாளர்களுக்கான தொழில் மேம்பாட்டுப் பயிலரங்கு என்று ஒரு வஸ்து உலகத்தில் இருக்கிறது. அது ஏன் பிறந்தது என்று புரிந்துகொள்ள இந்த டீக்கடை போதும். ஆனால் வரலாறு என்று வந்துவிட்டால் ஆதியிலிருந்து சொல்வதுதான் முறை. பாடப்புத்தகத்தில் இருக்கிற வரலாறுதான்; மரியாதையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

சமூகவியலுக்குப் பேர் வைத்துத் தொட்டிலில் போட்டவர் ஆகஸ்ட் காம்ட் என்ற பிரெஞ்சுக்காரர். ஆறு தொகுதி எழுதினார். பெண்ணின் அறிவு ஆணின் அறிவுக்கு ஒரு படி கீழே என்பது அவர் கட்சி. இங்கிலாந்தில் ஹேரியட் மார்ட்டினோ என்று ஓர் அம்மையார் இருந்தார். காது மந்தம், குழலை வைத்துக்கொண்டு கேட்பார். அவர் அந்த ஆறு தொகுதியையும் உட்கார்ந்து படித்து, வேண்டாததைக் கழித்து, 1853-இல் ஆங்கிலத்தில் இரண்டாகக் கொடுத்தார். காம்ட் பார்த்தார். நாம் எழுதியதைவிட இது தெளிவாக இருக்கிறதே என்று அவருக்கே தோன்றிவிட்டது. தம் சீடர்களுக்கு அதையே சிபாரிசு செய்தார். கடைசியில் அந்தச் சுருக்கம் பிரெஞ்சுக்கே திருப்பி மொழிபெயர்க்கப்பட்டது. இதற்குள் காம்ட், தாம் காதலித்து 1846-இல் இறந்துபோன குளோத்தில்த் த வோ என்ற பெண்மணியைக் கிட்டத்தட்டத் தெய்வமாக்கி ஒரு மதமே தொடங்கியிருந்தார். பெண்ணுக்குக் கோயில் கட்டுவார்கள், கமிட்டியில் சேர்க்கமாட்டார்கள். நமக்கு இது புதிதா என்ன?

மார்ட்டினோ 1838-லேயே, ஒரு சமூகத்தை எப்படிக் கவனித்துக் குறிப்பெடுப்பது என்று தனிப் புத்தகம் எழுதியிருந்தார். அதற்கு 57 ஆண்டு கழித்து, 1895-இல், துர்க்கைம் சமூகவியல் விதிமுறைகளை எழுதினார். பாடத்திட்டத்தில் துர்க்கைம்தான் மூலவர். மார்ட்டினோவுக்கு உற்சவர் அந்தஸ்துகூடக் கிடையாது. பிரகாரத்தில் எங்கேயோ ஒரு மூலையில், அதுவும் அண்மைக் காலத்தில்தான், விளக்கேற்றுகிறார்கள்.

அமெரிக்கச் சமூகவியல் சங்கம் 1905-இல் தொடங்கியது. முதல் பெண் தலைவர் டாரதி ஸ்வெய்ன் தாமஸ், 1952-இல். சரி, கதவு திறந்துவிட்டது என்று அடுத்த பெண்ணைத் தேடினால் 1973 வரை ஆள் இல்லை. நடுவில் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டு மாநாடு. பெண்கள் தனியாகக் கூடினார்கள். ஆலிஸ் ராஸி என்ற சமூகவியலாளர் எழுந்து தீர்மானங்களைப் படித்தார். சமத்துவமின்மை பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய பெரியவர்கள் எதிரே உட்கார்ந்து, தங்கள் துறையிலேயே அது இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் ‘சோஷியாலஜிஸ்ட்ஸ் ஃபார் விமன் இன் சொசைட்டி’ என்ற அமைப்பு வந்தது. 1987-இல் ‘ஜெண்டர் அண்ட் சொசைட்டி’ என்ற ஆய்விதழையும் தொடங்கினார்கள்.

அவர்கள் நடத்திய பயிலரங்குகளின் தலைப்பைப் பார்த்தால் புரட்சி நெடியே அடிக்காது. கட்டுரையை இதழுக்கு அனுப்புவது எப்படி, நிரந்தர வேலைக்குப் போராடுவது எப்படி, சம்பளம் பேசுவது எப்படி. ஆண் பேராசிரியர்கள் இதையெல்லாம் எந்தப் பயிலரங்கிலும் கற்கவில்லை. சாயங்காலம் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த ஆசிரியர் நம்ம ஆள்தான், நான் சொன்னேன்னு சொல்லு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கற்றார்கள். ராத்திரி டீக்கடைதான், டீக்குப் பதில் வேறு சரக்கு. பெண்கள் அந்த நேரத்தில் வீட்டில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் தம் கைக்குழந்தையைப் பெர்க்லி பல்கலைக்கழக அறைக்கே எடுத்துவந்து வைத்துக்கொண்டு மாணவர்களைச் சந்தித்தார். பேராசிரியர் வேலை என்பதே வீட்டில் மனைவி வைத்திருக்கும் ஆளுக்காகத் தைத்த சட்டை என்பதை 1975-இல் ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார். ஆக, பயிலரங்கு என்பது பெண்கள் பகலில் போட்டுக்கொண்ட டீக்கடை. பேரை மட்டும் கௌரவமாக வைத்தார்கள்.

இனி நம் நாடு. இங்கே எதுவும் கமிட்டியில்தான் தொடங்கும். பெண்கள் மீதான பாகுபாட்டை ஒழிக்க 1967-இல் ஐ.நா. ஒரு பிரகடனம் வெளியிட்டு, உங்கள் நாட்டில் பெண்கள் நிலை எப்படி என்று கேட்டது. பிரதமரே பெண், நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும் என்ற தெம்பில் 1971-இல் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் புல்ரேணு குகா. வேலை மந்தமாக நகர, பிறகு உறுப்பினர் செயலராக வீணா மஜும்தார் வந்து சேர்ந்தார். இவருக்குப் பெண்ணியம் பற்றி யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஊர் ஊராகப் போனார்கள், பெண்களிடம் பேசினார்கள், கணக்கைப் புரட்டினார்கள். 1901-இல் ஆயிரம் ஆணுக்கு 972 பெண் இருந்த நாட்டில் 1971-இல் 930 பெண்தான். சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் வந்து, பெண் பிரதமரும் வந்தபின், பெண்ணின் எண்ணிக்கை மட்டும் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அந்த அறிக்கை 1974 கடைசியில் முடிந்தது. நற்சான்றிதழ் எதிர்பார்த்த அரசுக்குக் கிடைத்தது நோயாளியின் கேஸ் ஷீட்.

பம்பாயில் சமூகவியலாளர் நீரா தேசாய் அதே 1974-இல் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் மகளிரியல் ஆய்வுப் பிரிவு தொடங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் தோண்டோ கேசவ் கார்வே. அவர் வீட்டு மருமகள் இராவதி கார்வே, பெர்லினில் மண்டையோட்டை அளந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். புனே தெருவில் ஸ்கூட்டர் ஓட்டி ஊரை வாய்பிளக்க வைத்தவர். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். எந்தக் குற்றம் பெரிது என்று புனேக்காரர்கள் இன்னும் முடிவு செய்திருக்கமாட்டார்கள். 1981 ஏப்ரலில் எஸ்.என்.டி.டி.யில் முதல் தேசிய மகளிரியல் மாநாடு; 1982-இல் இந்திய மகளிரியல் சங்கம். அந்த மாநாடுகளில் ஆய்வாளர், தொழிற்சங்கக்காரர், கிராமத்துத் தொண்டர் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். சண்டை நடந்தவரை துறை நன்றாக வளர்ந்தது.

திருச்சிக்காரனாக ஓர் இடைச்செருகல். இதற்கெல்லாம் முன்பே எங்கள் ஊரில் ஆள் இருந்தார்கள். 1938-இல் இந்தி எதிர்ப்புத் தமிழர் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தது. 42 நாள் நடை. அதில் 55 வயது மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, தேவதாசி முறையை உள்ளேயிருந்து பார்த்த கண்ணோடு ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை எழுதியிருந்தார். இப்போது எழுதியிருந்தால் பங்கேற்பு உற்றுநோக்கல் என்று சொல்லி ஒரு டாக்டர் பட்டம் கொடுத்திருப்பார்கள். அரசு அவரை மறக்கவில்லை. 1989-இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பேரை வைத்தது. 2011-இல் அதோடு தாலிக்கு நாலு கிராம் தங்கமும் சேர்த்தது. சுயமரியாதைக்காரி பேரில் தாலித் தங்கம்! அம்மையார் இருந்திருந்தால் இன்னொரு தடவை சென்னைக்கு நடந்திருப்பார். 2022-இல் ஒருவழியாகத் திட்டத்தைப் பெண்களின் மேற்படிப்புக்கு மாற்றினார்கள்.

ஸ்ரீரங்கத்தில் குமுதினி. நிஜப்பேர் ரங்கநாயகி தாத்தம், 1905-இல் பிறந்தவர். மடிசார் வீடு, கதர்ப் புடவை, கையில் பேனா. சீதை போன்ற புராணப் பெண்கள் தாய்வீட்டுக்குக் கடிதம் போட்டால் எப்படி இருக்கும் என்று எழுதினார். அயோத்தி அரண்மனை என்றாலும் மாட்டுப்பெண் படும் பாடு வடக்குச் சித்திரை வீதியில் படுவதுதான் என்பதை அதைவிடச் சிக்கனமாக எந்தச் சமூகவியலாளரும் சொல்லி நான் படித்ததில்லை. ஓர் அடிக்குறிப்பும் கிடையாது.

பிறகு அரசாங்கம் நுழைந்தது.

1986 தேசியக் கல்விக் கொள்கை பெண் சமத்துவம் பற்றி அழகாகப் பேசியது. 1987 முதல் யு.ஜி.சி., கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க நாடெங்கும் அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளைத் திறந்தது. ஓரியண்டேஷன் கோர்ஸ் நாலு வாரம், ரெஃப்ரெஷர் கோர்ஸ் மூன்று வாரம். முடித்தால்தான் பதவி உயர்வு. மகளிரியல், சமூகவியல் எல்லாம் அந்தப் பந்திக்கு வந்தன. மூன்று வாரம் வீட்டைவிட்டு வருவது என்றால் ஆண் ஆசிரியருக்கு ஒரு சூட்கேஸ் போதும். பெண் ஆசிரியர் மாமியாருக்கு மாத்திரை டப்பா நிரப்பி, பிள்ளைக்கு டியூஷன் ஏற்பாடு செய்து, இட்லி மாவு அரைத்து, நாத்தனாரிடம் நன்றிக்கடன் பட்டு வர வேண்டும். வந்து உட்கார்ந்தால் முதல் நாள் முதல் வகுப்பு: ‘பெண்களும் நேர மேலாண்மையும்’. எடுப்பவர் ஓர் ஆண். இந்தக் கூத்து எந்த ஊரில் நடந்தது என்று கேட்காதீர்கள். நடக்காத ஊர் எது என்று கேளுங்கள்.

2010-இல் வந்தது ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் முறை. கருத்தரங்கில் கட்டுரை படித்தால் உள்ளூருக்கு 3, மாநில அளவுக்கு 5, தேசிய அளவுக்கு 7.5, பன்னாட்டு அளவுக்கு 10. தேசியத்துக்கு ஏழரை என்று வைத்த அதிகாரி தமிழராக இருக்க வாய்ப்பில்லை. இருந்திருந்தால் ஏழுக்கோ எட்டுக்கோ நகர்த்தியிருப்பார். ஏழரை பிடித்தபின் என்ன நடக்கும்? அது நடந்தது. அதுவரை வருஷத்துக்கு ஒரு கருத்தரங்கு நடந்த கல்லூரிகளில் மாசத்துக்கு ஒன்று. கொழும்பிலிருந்து ஒருவர் சமயபுரத்துக்கு வேண்டுதலுக்கு வந்தால், கையோடு மேடையேற்றிப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஆக்கிவிடலாம். சணல் பை, ஸ்கெட்ச் பேனா, ஐ.எஸ்.பி.என். போட்ட தடித்த தொகுப்பு.

மேடையில் ‘பாலின உழைப்புப் பிரிவினை’ என்று பேனர். வாசலில் கோலம் போட்டுச் சந்தனம் நீட்டுபவர்கள் பெண் விரிவுரையாளர்கள், குத்துவிளக்குக்குத் திரி போட்டவரும் ஒரு பெண்ணே, ஏற்றுபவர் தாளாளர். சாம்பார் சாதம் எத்தனை பேருக்கு என்று கேட்டரிங்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருக்கும் பெண் பேராசிரியர்தான் அன்றைய கட்டுரை வாசிப்பாளர். தலைப்பு, ‘ஊதியமில்லா உழைப்பு’. அவர் முறை வரும்போது தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, “அம்மா, ரெண்டே நிமிஷம்” என்பார்.

இத்தகைய பயிற்சிகளில் ஒரு நாள் களப்பயணம் கட்டாயம். திருச்சிப் பக்கம் என்றால் வேன் நேராகக் காந்தி மார்க்கெட்டுக்குத்தான் போகும். முதல் உலகப்போர் நினைவுச்சின்னத்துக்குக் கீழே இறங்கி, வினாத்தாளோடு கலைந்து நிற்பார்கள். இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சாக்கை விரித்துக் கீரைக்கட்டு அடுக்கி வைத்திருக்கும் அம்மாவிடம் ஒரு விரிவுரையாளர் குந்தி உட்கார்ந்து தொடங்குவார்.

“அக்கா, நீங்க வேலைக்குப் போறீங்களா?”

“நான் எங்க டீச்சர் வேலைக்குப் போறேன்? சும்மா கீரை வித்துக்கிட்டிருக்கேன்.”

“வீட்டுல முக்கியமான முடிவெல்லாம் யார் எடுக்கிறது?”

“எந்த முடிவு?”

“பொதுவா.”

“பொதுவா முடிவெடுக்க யாருக்கு நேரம் இருக்கு? தண்ணி தெளிச்சு அரை மணி ஆச்சு, வாடுது. அரைக்கீரை ரெண்டு கட்டு எடுத்துக்க கண்ணு.”

அந்த ‘சும்மா’ இருக்கிறதே, அதில்தான் நம் புள்ளிவிவரத் துறை பல காலம் குடியிருந்தது. தேசிய மாதிரி ஆய்வில் 92 என்று ஒரு குறியீடு: வீட்டு வேலை மட்டும் செய்பவர். 93 என்று இன்னொன்று: வீட்டு வேலையோடு விறகு பொறுக்கி, மாட்டுக்குத் தீவனம் சேர்த்து, வீட்டுக்குத் துணியும் தைப்பவர். இரண்டு பேரும் உழைப்பாளர் கணக்கில் சேர்த்தி இல்லை. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முக்கிய வேலை என்ன என்று கேட்டது. பெண்கள் வீடு என்றார்கள். லட்சோபலட்சம் உழைப்பாளிகள் ஒரே ராத்திரியில் காணாமல் போனார்கள். குடும்ப நிலத்திலும் தொழிலிலும் சம்பளமில்லாமல் உழைப்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று கேள்வியிலேயே எழுத 1991 ஆனது. பெண் ஆய்வாளர்கள் நச்சரித்து நச்சரித்துக் கொண்டுவந்த மாற்றம் அது. 1998-99-இல் ஆறு மாநிலங்களில், தமிழ்நாடு உட்பட, நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்ததும் அந்த நச்சரிப்பின் பலன்தான். கேலியை நிறுத்திவிட்டுச் சொல்வதானால், இந்தத் துறை உருப்படியாகச் செய்த காரியங்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது இது.

சந்தைப் பெண்களைப் பற்றியும் உருப்படியாக எழுதியவர்கள் உண்டு. ஜோஹன்னா லெசிங்கர் சென்னையில் பெண் வியாபாரிகளோடு பழகி, 1980-களில் ‘மானுஷி’ இதழில் எழுதினார். பெண்கள் சில்லறையிலேயே நின்றுவிடுவது திறமைக் குறைவால் அல்ல. மொத்த வியாபாரத்துக்கு வேண்டியது அந்நிய ஆண்களோடு அகாலத்தில் பேச்சு, அலைச்சல், கடன் உறவு. அதற்கு மானம் மரியாதை குறுக்கே நிற்கிறது என்பது அவர் கண்டது. கரின் கபாடியா எங்கள் திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கிச் சாதி, வர்க்கம், பெண் மூன்றையும் ஒரே முடிச்சாக அவிழ்த்து 1995-இல் ‘சிவா அண்ட் ஹெர் சிஸ்டர்ஸ்’ என்று புத்தகம் போட்டார். இவர்கள் வந்தது அரைநாள் வேனில் அல்ல.

ஆனால் அந்த வேனையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. களப்பயணம் முடிந்து கூடை நிறையக் கீரையும் மலிவாகக் கிடைத்த சின்ன வெங்காயமுமாக எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும், பாலக்கரை நெரிசலில் வண்டி நிற்கும்போது, பின் சீட்டில் அசல் பயிலரங்கு ஆரம்பிக்கும். “உன் அரியர்ஸ் ஃபைல் அங்க இல்லடி, ரெண்டாவது மாடியில இருக்கு. நேரா போய்க் கேளு, லெட்டர் போடாத.” “அந்த ஜர்னல் காசு வாங்கிட்டுப் போடுவான், ஸ்க்ரூட்டினியில அடிபடும்.” “அந்தக் கைடுகிட்ட மட்டும் சேராத. ஏன்னு கேக்காத.” இருபது வருஷ சர்வீஸ்காரர் இரண்டு வருஷ சர்வீஸ்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. 1969-இல் அந்த அமெரிக்கப் பெண்கள் கேட்டது ஏறக்குறைய இந்தப் பின் சீட்டைத்தான். நம் ஆட்கள் அதை எடுத்துவந்து முன் சீட்டு, மைக், மாலை, வருகைப்பதிவு எல்லாம் வைத்துவிட்டார்கள்.

தானாக நடப்பதை எடுத்துத் தன் கட்டடத்தில் வைக்கப் பார்ப்பது அரசாங்கத்துக்குக் கைவந்த கலை. 2017-இல் காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் எல்லா வசதியோடும் புது மார்க்கெட் கட்டித் திறந்தார்கள். வியாபாரிகள் தூரம் என்றார்கள், கடை சின்னது என்றார்கள், மறுத்துவிட்டார்கள். 2020-இல் கொரோனா வந்து ஜி-கார்னர் மைதானத்துக்குத் துரத்தியபோதுகூடக் கொஞ்ச நாள் போய்விட்டு, பழைய நெரிசலுக்கே திரும்பி வந்தார்கள்.

அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளுக்கு வேறு கட்டடம் கட்டவில்லை, பேரை மாற்றினார்கள். 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையம். 2023-இல் மாளவியா பேரில் ஆசிரியர் பயிற்சித் திட்டம். இப்போது நிறையப் பயிற்சி ஆன்லைனில். மூன்று வாரம் ஊரைவிட்டுப் போகும் தொல்லை பெண்களுக்கு ஒழிந்தது; கூடவே வேனும் பின் சீட்டும் ஒழிந்தன. காலை பத்து மணிக்கு ‘நேரப் பயன்பாடும் பாலினமும்’ என்று உரை ஓடும். கேமராவை அணைத்துவிட்டு ஆளாளுக்கு அடுப்படியில் நிற்பார்கள். “எல்லாரும் வீடியோ ஆன் பண்ணுங்க மேடம்” என்று ஒருங்கிணைப்பாளர் கெஞ்சினால், திரையில் நாற்பது கட்டம் திறக்கும். அதில் முப்பது சமையலறை. அன்றைய வீட்டுப்பாடம்: உங்கள் ஒரு நாள் நேரத்தைக் குறித்து அனுப்புங்கள். ஒரு விரிவுரையாளர் நேர்மையாக எழுதினார்: 10 முதல் 11.30 வரை, ஊதியமில்லா உழைப்பு பற்றிய உரை கேட்டல், அவரைக்காய் நறுக்கல், மாமியாருக்குக் கஞ்சி. இதற்கு 92 போடுவதா, 93 போடுவதா, பணிநேரம் என்று போடுவதா என்று அரட்டைப் பெட்டியில் கேட்டார். உரையாளர் நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, நேரமாகிவிட்டது என்றார். மாலையில் கருத்துப் படிவம் வந்தது. அத்தனை பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். போட்டால்தான் சான்றிதழ் டவுன்லோடு ஆகும்.